பாகம் பாகமாக வரும் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

2022 செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதல் பாகமும், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் திரைக்கு வந்தன. அதையொட்டி நம் நாட்டில் பல வீடுகளுக்குக் கல்கியின் ஐந்து பாகங்களும் வந்து சேர்ந்தன. இன்று அந்த அலமாரிகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். முதல் பாகத்தின் முதுகு மடிந்து வெளுத்திருக்கும். இரண்டாம் பாகத்தின் நடுவே ஏதோ ஒரு கடை ரசீது அடையாளமாகச் செருகியிருக்கும். மூன்றிலிருந்து ஐந்து வரை கடையில் வாங்கிய மெருகு குலையாமல் நிற்கும்.

அந்த ரசீது இருக்கும் இடத்தில் நின்றுபோன வாசகரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவருக்குப் படிக்கத் தெரியாமல் போகவில்லை. இடையில் தேர்வு வந்திருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், வேலை மாறியிருக்கும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது பழுவேட்டரையர்களில் பெரியவர் யார், சின்னவர் யார் என்பது மறந்திருக்கும். அப்போது அவருக்கு உதவக்கூடிய ஒரு பக்க எழுத்து எங்கேயும் கிடைத்திருக்காது. முழு நாவலையும் புகழ்ந்து எழுதியவை ஏராளம். முதல் பாகத்தை அறிமுகம் செய்பவையும் உண்டு. மூன்றாம் பாகத்தை மட்டும் எடுத்து, அது வரை வந்தவருக்கு எழுதிய மதிப்புரையைத் தேடினால் கை வெறுமையாகவே திரும்பும்.

தொடர் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது தனி நூலுக்கு எழுதுவதைப் போன்றதல்ல. தனி நூலுக்கு வாசகர்கள் இரண்டு வகை: படித்தவர், படிக்காதவர். ஐந்து பாக நாவலுக்கோ ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரு கூட்டம் நிற்கிறது. ஒருவருக்குத் தேவையான தகவல் இன்னொருவரின் சுவையைக் கெடுத்துவிடும். ஆகவே யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சுருக்கமும் படிப்பினையும் மட்டும் போதுமா?

நம்மில் பலருக்கு நூலைப் பற்றி எழுதும் பழக்கம் பள்ளியின் நிலாம் வாசிப்புத் திட்டத்தில் தொடங்கியது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கதைச் சுருக்கம், கிடைத்த படிப்பினை என்று பதிவேட்டை நிரப்பி ஆசிரியரிடம் கொடுப்போம். பிள்ளை புத்தகத்தைத் திறந்து பார்த்தான் என்பதற்கு அது நல்ல சான்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முப்பது, நாற்பது வயதான பிறகும் அதே வடிவத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

தொடர் நாவலில் இந்த வடிவம் இரண்டு விதத்தில் காலை வாரிவிடும். இரண்டாம் பாகத்தின் கதையைச் சுருக்கினால், முதல் பாகத்தைப் படிக்காதவருக்கு அதன் முடிவு தெரிந்துவிடும். படிப்பினையை எழுதப் போனால், கதை பாதியில் நிற்கும்போது அது கிடைப்பதே இல்லை. இருந்தும் ஏதாவது எழுத வேண்டுமே என்று 'நாட்டுப்பற்று முக்கியம்' என்று முடித்துவிடுகிறோம். ஐந்து பாகத்துக்கும் அதே வரி பொருந்தும். அதனால் எந்தப் பாகத்துக்கும் அது பயன்படாது.

சுருக்கத்தின் இடத்தில் வேறொன்றை வைக்கலாம்: இந்தப் பாகத்தின் தன்மை. முந்திய பாகத்தைவிட இது வேகமா, நிதானமா? எந்த இடத்துக்குக் கதை நகர்கிறது? முன்பு ஓரமாக நின்ற யார் இப்போது நடுவில் வருகிறார்? இது தன்னளவில் ஒரு முடிவைத் தருகிறதா, அல்லது அந்தரத்தில் நிறுத்துகிறதா? இவற்றுக்கு விடை சொல்ல மர்மத்தை உடைக்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று'க்கு இப்படி எழுதலாம்:

"சுழற்காற்று, பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம், 53 அத்தியாயங்கள். முதல் பாகத்தை முடித்தவர்களுக்காக எழுதியது. பிந்திய பாகங்களைப் பற்றி இதில் எதுவும் இல்லை. முதல் பாகத்தில் வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடிக்கொண்டே இருந்தோம். இங்கே கோடிக்கரையின் சதுப்பு நிலத்தில், படகோட்டும் பூங்குழலியோடு கதை தொடங்குகிறது. தஞ்சைக் கோட்டையையும் நந்தினியையும் விட்டு வந்த ஏக்கத்தில் தொடக்க அத்தியாயங்கள் எனக்கு மெதுவாகத்தான் நகர்ந்தன. ஈழத்துக்குப் போனதும் அது மாறுகிறது. தலைப்பில் பெயர் இருந்தும் முதல் பாகத்தில் நாம் நேரில் சந்திக்காதவரை இங்கேதான் சந்திக்கிறோம். பேச முடியாத ஒரு பெண் வருகிறாள். அவள் வரும் பக்கங்களை அவசரமாகப் புரட்ட வேண்டாம். கடைசிப் பகுதியில் கடல் கொந்தளிக்கிறது. மூன்றாம் பாகம் கையில் இல்லாமல் அந்தப் பகுதியைத் தொடங்காதீர்கள்."

எழுபது எண்பது சொற்கள்தாம். கதைச் சுருக்கம் இல்லை. ஆனால் ரசீதோடு நின்றவருக்கு இது போதும். 'தொடக்கம் எல்லாருக்கும் மெதுவாகத்தான் போகிறது, நமக்கு மட்டுமல்ல' என்ற ஒரு செய்தியே அவரை இருபது பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

நினைவூட்டும் வரிகள்

இடையில் நின்றவருக்கு இன்னொரு உதவியும் தேவை. அது நினைவூட்டல். மதிப்புரையின் தலைப்பில் மூன்று நான்கு வரிகளில், முந்திய பாகம் எங்கே நின்றது, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் அவர் முந்திய பாகத்தைத் திரும்பப் புரட்ட வேண்டியிருக்காது.

வரலாற்று நாவல்களில் இது மிகவும் அவசியம். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். அருள்மொழிவர்மர்தான் பொன்னியின் செல்வர். வல்லவரையன் என்றாலும் வந்தியத்தேவன்தான். பெரிய பழுவேட்டரையர் சோழ நாட்டின் தனாதிகாரி. சின்னப் பழுவேட்டரையர் தஞ்சைக் கோட்டையின் காவல் தலைவர். இவ்வளவு சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். பட்டத்துக்கு உரியவர்கள் யார் யார், அவர்களுக்குள் உறவு என்ன என்று ஒரு சிறு வம்சப் படம் வரைந்து மதிப்புரையோடு சேர்க்கலாம். இளைஞர்கள் இதைக் கையால் வரைந்து படமெடுத்து அனுப்புகிறார்கள். அச்சிட்ட படத்தைவிட அதில் ஓர் உயிர் இருக்கிறது.

ஆனால் கவனம்: அந்தப் படத்தில் பின்னால் தெரியவரும் உறவுகளை வரைந்துவிடக் கூடாது. நந்தினி யார் என்ற கேள்வி பல நூறு பக்கங்களுக்கு வாசகரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு கோடு போட்டு அதைக் காலி செய்துவிடலாம்.

வரலாறு வேறு, கதை வேறு

'ஸ்பாய்லர்' என்ற சொல் இப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. வரலாற்று நாவலுக்கு ஸ்பாய்லர் உண்டா என்று சிலர் கேட்பார்கள். ராஜராஜன் அரியணை ஏறினான் என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறதே, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நியாயமான கேள்விதான். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. அதில் தொடர்புடையவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அதைக் குறிப்பிடுவதால் நாவல் கெடாது. மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயரே 'கொலை வாள்'. ஆனால் அந்தக் கொலையைக் கல்கி எந்த அறையில், எந்த இருட்டில், யார் யார் சுற்றி நிற்க நடத்துகிறார் என்பது கல்வெட்டில் இல்லை. அது நாவலாசிரியரின் சொத்து. அதைப் படித்து அடைய வேண்டியது வாசகரின் உரிமை. கல்வெட்டில் உள்ளதைச் சொல்லலாம், கல்கி கட்டியதைச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் வழி தெரியும்.

இதில் இன்னொரு சிக்கல் திரைப்படம். படத்தைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருபவர்கள் முடிவு தெரிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஐந்து பாகங்களை இரண்டு படங்களுக்குள் அடக்கும்போது பல கிளைக்கதைகள் உதிர்ந்தன, சில மாறின. படம் பார்த்தவருக்கென்று ஒரு பத்தி எழுதுவது இன்றைய மதிப்புரையில் நல்ல சேவை. எது மாறியது என்று பட்டியல் போடத் தேவையில்லை. 'படத்தில் இடம்பெறாத மணிமேகலை, நூலில் நீங்கள் மறக்க முடியாத ஒருத்தி' என்பதுபோல் ஒரு வரி போதும்.

முடிவு தெரியுமுன் எழுதுங்கள்

ஐந்து பாகமும் முடித்துவிட்டு உட்கார்ந்து முதல் பாகத்துக்கு மதிப்புரை எழுதுபவர்கள் அதிகம். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முடிவு தெரிந்த பிறகு முதல் பாகம் வேறொரு நூலாகிவிடுகிறது. எந்த இடத்தில் சந்தேகப்பட்டோம், யாரை நம்பினோம், எங்கே சலித்தோம் என்பதெல்லாம் அழிந்துபோகும். மிஞ்சுவது 'ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் ஆசிரியர் அழகாகக் கோத்திருக்கிறார்' என்ற பொதுப் பாராட்டு மட்டுமே.

ஒரு பாகம் முடிந்ததும், அடுத்ததைத் திறக்குமுன், அரை மணி நேரம் ஒதுக்கி எழுதிவிடுங்கள். தேதி போடுங்கள். உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். அது பின்னால் பொய்யாகலாம், ஆகட்டும். அடித்துத் திருத்த வேண்டாம். கீழே புதிய தேதியிட்டு இன்னொரு வரி சேர்த்தால் போதும். தவறாக ஊகித்த வாசகரின் மதிப்புரை, அதே இடத்தில் நிற்கும் இன்னொருவருக்கு நல்ல துணை. அந்த ஊகம் எங்கே பிசகியது என்பதை அவரே பின்னால் கண்டுபிடித்துச் சிரிப்பார்.

'பொன்னியின் செல்வன்' முதன்முதலில் இப்படித்தான் வாசிக்கப்பட்டது. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கிய தொடர் 1954 மே மாதத்தில் முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டு வாசகர்கள் வாரத்துக்கு வாரம் காத்திருந்தார்கள். மணியம் வரைந்த ஓவியங்களோடு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, தடித்த அட்டை போட்டு வைத்தார்கள். அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற பேச்சு வீடுகளில் நடந்தது. தொடர் முடிந்ததும், முடிவு அவசரமாக வந்துவிட்டது, இன்னின்னார் என்ன ஆனார்கள் என்று கடிதங்கள் போயின. கல்கி அதற்கெல்லாம் விடை சொல்லி ஒரு முடிவுரை எழுதினார். இன்று நாம் வாங்கும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. வாசகர் கருத்து நூலுக்குள்ளேயே இடம்பிடித்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானார்.

நம் காலத்தில் இதற்கு இணையானது ஜெயமோகனின் 'வெண்முரசு'. மகாபாரதத்தை 26 நாவல்களாக, 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதினார். வாசகர்கள் கூடவே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நீண்ட தொடருக்கு மதிப்புரை எழுதும்போது வாசகர் கேட்கும் முதல் கேள்வி, இதில் ஏதாவது ஒன்றை மட்டும் தனியாகப் படிக்கலாமா என்பது. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் நான்காவதான 'நீலம்' தனித்து நிற்கும். ராதையின் கண் வழியே கண்ணனைச் சொல்லும், கவிதைக்கு நெருங்கிய நடை. ஆனால் அதை ருசி பார்த்துவிட்டு மற்றவையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கதை வேண்டுபவர் 'முதற்கன'லிலிருந்து வரட்டும்.

பக்க எண் வேண்டாம், அத்தியாயம் சொல்லுங்கள்

சின்ன விஷயம், ஆனால் பலரும் தவறவிடுவது. கல்கியின் எழுத்துகள் 1999இல் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் 'பொன்னியின் செல்வ'னுக்குப் பதிப்புகள் பெருகிவிட்டன. ஐந்தும் தனித்தனியாக ஒரு பதிப்பு, எல்லாம் ஒரே தடித்த கட்டாக இன்னொன்று, எழுத்துரு பெரிதாக வேறொன்று. உங்கள் கையில் உள்ள நூலின் 212ஆம் பக்கம் இன்னொருவர் நூலில் 340ஆக இருக்கும். மின்னூலில் பக்கமே இராது.

ஆகவே பாகத்தையும் அத்தியாயத்தையும் குறிப்பிடுங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள், மொத்தம் 293. ஒவ்வொன்றுக்கும் கல்கி தலைப்பும் வைத்திருக்கிறார். 'முதல் பாகம், முதல் அத்தியாயம், ஆடித் திருநாள்' என்று எழுதினால் கோலாலம்பூரில் இருப்பவரும் கோவையில் இருப்பவரும் ஒரே இடத்தைத் திறக்கலாம். ஒரு எச்சரிக்கை: பின்பகுதி அத்தியாயங்களின் தலைப்புகளே சில இரகசியங்களைச் சொல்லிவிடும். அங்கே எண்ணை மட்டும் கொடுங்கள்.

ஐந்தாம் பாகம் மற்றவற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதையும் அந்த எண்களிலிருந்து காணலாம். விடுமுறைக்கு முன் எதைக் கையிலெடுப்பது என்று திட்டமிடுபவருக்கு இது உதவும்.

எதை முதலில் படிப்பது?

தொடர் நூல்களில் எழுதிய வரிசையும் கதையின் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கல்கியே இதற்கு எடுத்துக்காட்டு. 'பார்த்திபன் கனவு' 1941இல் தொடங்கியது. 'சிவகாமியின் சபதம்' அதற்குப் பிறகு 1944இல் தொடங்கி, 'பரஞ்சோதி யாத்திரை', 'காஞ்சி முற்றுகை', 'பிக்ஷுவின் காதல்', 'சிதைந்த கனவு' என்ற நான்கு பாகங்களாக வந்தது. ஆனால் கதைப்படி 'சிவகாமியின் சபதம்'தான் முந்தியது. நரசிம்மவர்மரின் இளமையும் வாதாபிப் போரும் அதில் வருகின்றன. 'பார்த்திபன் கனவி'ல் அவர் முதிர்ந்த சக்கரவர்த்தி.

எதை முதலில் கொடுப்பது? என் விடை 'பார்த்திபன் கனவு'. சிறியது, விறுவிறுப்பானது. அதில் ஒரு மாறுவேடம் வருகிறது. நரசிம்மவர்மரை முன்பே நன்றாகத் தெரிந்தவர் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். வேறு கருத்துள்ளவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் உங்கள் மதிப்புரையில் நீங்கள் எந்த வரிசையில் படித்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். படித்தவர் சொல்லும் கருத்தின் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

வேறு எழுத்தாளர்கள் தொடர்ந்து எழுதியவையும் உண்டு. கல்கி விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திர சோழன் காலக் கதை. 1963இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் முதுமையடைந்த வல்லவரையரை மீண்டும் சந்திக்கலாம். பாலகுமாரன் 'உடையார்' என்ற ஆறு பாக நாவலில் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த கதையைச் சொன்னார். இவற்றுக்கு எழுதும்போது 'இது பொன்னியின் செல்வனின் ஆறாம் பாகம்' என்று சொல்லி விற்காதீர்கள். கல்கியின் துள்ளலை எதிர்பார்த்து 'உடையா'ரைத் திறப்பவர், அதன் வேறு வகையான ஆழத்தைக் காணுமுன் மூடிவிடுவார்.

பிள்ளைகள் படிக்கும் தொடர்களிலும் இதே கதைதான். ஹாரி பாட்டர் ஏழு நூல்கள், 1997 முதல் 2007 வரை வந்தவை. ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாவதை முடித்துவிட்டு நான்காவதைக் கேட்கும்போது, அது முந்தியதைப்போல் இரண்டு மடங்கு தடிமன், அங்கிருந்து கதை இருளடைகிறது என்று சொல்லும் ஒரு குறிப்பு பெற்றோருக்குத் தேவை. பதின்ம வயது அக்காவோ அண்ணனோ அதை எழுதினால் இன்னும் நல்லது. தமிழில் எழுதினால் இரட்டிப்பு நன்மை.

நாம் மட்டுமே எழுதக்கூடியது

தமிழ்நாட்டு வாசகர் ஆயிரம் பேர் ஏற்கெனவே எழுதிவிட்ட நூலுக்கு நாம் என்ன புதிதாகச் சொல்லப் போகிறோம் என்ற தயக்கம் இங்கே பலருக்கு உண்டு. நாம் நிற்கும் இடமே நமக்குப் புதுப் பொருள் தருகிறது.

சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகங்கள். கருணாகரத் தொண்டைமானின் கதை கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயத்தின் கடல்களுக்கு வருகிறது. கடாரத்தின் பெயர் அடிக்கடி அடிபடும். மற்றவருக்குக் கடாரம் கதையில் வரும் ஊர்; நமக்கு அது கெடா. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டி இடிபாடுகளை நேரில் பார்த்தவர் அந்த மூன்று பாகங்களைப் படிக்கும்போது எதை நம்பினார், எங்கே சாண்டில்யன் கற்பனையில் கப்பலோட்டிவிட்டார் என்று எழுதினால், அந்த மதிப்புரையை வேறு யாராலும் எழுத முடியாது.

'பொன்னியின் செல்வ'னிலும் ஓர் இடம் இருக்கிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரம். கதையின் பிற்பகுதியில் முக்கியமான ஒருவர் அங்கே தங்குகிறார். யார் என்று சொல்லப் போவதில்லை. வரலாற்றில் அந்த விஹாரம் ஸ்ரீவிஜய, கடார அரசர்களின் பெயரோடு இணைந்தது. ராஜராஜன் காலத்தில் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடுக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. அது இன்று 'லெய்டன் செப்பேடு' என்று அழைக்கப்படுகிறது. நாவலிலோ சுந்தர சோழர் காலத்திலேயே விஹாரம் ஓங்கி நிற்கிறது. அலோர் ஸ்டாரிலோ சுங்கைப்பட்டாணியிலோ உட்கார்ந்து படிக்கும் ஒருவர் அந்த அத்தியாயங்களில் நிச்சயம் ஒரு கணம் நிற்பார். அந்தக் கணத்தைத்தான் எழுத வேண்டும்.

அட்டையில் 'பாகம்' என்று போடாத தொடர்களும் நம்மிடம் உண்டு. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', 'லங்காட் நதிக்கரை', 'இமையத் தியாகம்' ஆகியவை தனித்தனி நாவல்கள். சயாம் மரண ரயில், ஜப்பானியர் காலத்து லங்காட் கரை வாழ்வு, இந்திய தேசிய ராணுவம் என்று ஒரே காலத்தின் வெவ்வேறு முகங்களை அவை காட்டுகின்றன. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்து, ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் எப்படி வருகிறது என்று ஒருவர் எழுதினால் அது மதிப்புரையாக மட்டுமா இருக்கும்? தாத்தா பாட்டி சொல்லாமல் விட்டுப்போனதைப் பேரப்பிள்ளைகள் கோத்துக்கொள்ள அது ஒரு நூல்கண்டு.

எங்கே, எப்படிப் பகிர்வது?

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அதையடுத்துச் சிங்கப்பூர்த் தமிழ் முரசில் சுப. நாராயணன் ரசனை வகுப்பு நடத்தினார். எழுதுவதைப்போலவே ரசிப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும், ரசித்ததை எழுதிப் பழக வேண்டும் என்று நாளிதழே வாசகரை அழைத்த காலம் அது.

இப்போது பெரும்பாலான பகிர்வு புலனக் குழுக்களில் நடக்கிறது. அங்கே ஒரு தொழில்நுட்பச் சங்கடம் இருக்கிறது. செய்தியின் முதல் வரிகள் பூட்டிய திரையிலேயே தெரிந்துவிடும். வேண்டாம் என்று நினைப்பவர்கூட அதைப் படித்துவிடுவார். ஆகவே முதல் வரியில் நூலின் பெயர், பாகம், 'இது வரை படித்தவர்களுக்கு மட்டும்' என்ற எச்சரிக்கை, இவ்வளவுதான் இருக்க வேண்டும். பல வரி இடைவெளி விட்டுப் பிறகு எழுதுங்கள். குரல்பதிவு அனுப்புவதாக இருந்தால் எச்சரிக்கையைத் தனிச் செய்தியாக முதலில் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கார் ஓட்டிக்கொண்டே கேட்பவருக்குப் பாதியில் நிறுத்த நேரம் இராது.

குழுவில் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஐந்து பாக நாவலைச் சேர்ந்து படிப்பதானால் மாதத்துக்கு ஒரு பாகம் என்று நாள் குறித்து, அந்தப் பாகத்தைப் பற்றி மட்டும் அந்த மாதம் பேசுவது நல்லது. ஐந்தாம் பாகத்துக்கு இரண்டு மாதம் கொடுங்கள். முன்பே முழுவதும் படித்தவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. 'பொறுங்கள், அடுத்த பாகத்தில் தெரியும்' என்று புன்னகைக் குறி போடுவதும் ஒரு வகை ஸ்பாய்லர்தான்.

நாளிதழுக்கோ பள்ளி, சங்க மலர்களுக்கோ அனுப்பும்போது இடம் குறைவு. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டுரையில் அடைக்க முயல வேண்டாம். ஒரு பாகம், 300 சொல், எந்தப் பதிப்பு, என்ன விலைக்கு எங்கே வாங்கினீர்கள் அல்லது எந்த நூலகத்தில் எடுத்தீர்கள் என்ற விவரம். நூலகத்தில் இரண்டாம் பாகம் இல்லாமல் மூன்றாம் பாகம் மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். படிப்பவர் அலைய வேண்டியிராது, நூலகரும் கவனிப்பார்.

மேற்கோள் காட்டுவதில் அளவு வேண்டும். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்துக்காட்ட இடம் தருகிறது. ஆசிரியர் பெயரையும் நூலையும் குறிப்பிட வேண்டும். இரண்டு வரி எடுப்பது வேறு, ஒரு அத்தியாயத்தையே படமெடுத்துக் குழுவில் போடுவது வேறு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை என்பதால் பரவாயில்லை. வாழும் எழுத்தாளர்களின் நூலைப் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடுவது அப்படியல்ல. உள்ளூர் எழுத்தாளர்கள் பலர் சொந்தப் பணத்தில் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, நூல் வெளியீடுகளில் தாங்களே விற்கிறார்கள். முதல் நூலின் பிரதிகள் தீராமல் இருக்கும்போது இரண்டாம் நூலுக்கு அச்சகத்தில் முன்பணம் கட்டுவது யாருக்கும் எளிதல்ல.

அப்படி ஓர் உள்ளூர் நூலுக்கு எழுதினால், மதிப்புரையின் ஒரு படியை ஆசிரியருக்கும் அனுப்புங்கள். எந்த அத்தியாயத்தில் சலிப்பு வந்தது, யாருடைய கதை பாதியில் விட்டதுபோல் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த பாகம் அவர் மேசையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.